தலையாரி பார்த்த லிவியாதான்

ஏ தாயி, நீ எழுதி முடிச்ச ஆய்வை ராத்திரி கண்ணு முழிச்சு வாசிச்சுப்புட்டேன். நல்லாத்தான் எழுதியிருக்க. 'பெருந்தொற்றும் அரசதிகாரமும்: கோட்பாட்டுப் பார்வைகள்'னு தலைப்பே எட்டூருக்குக் கேக்கும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அம்புட்டுப் பக்கத்துலயும் ஒருத்தனுக்குக்கூடப் பசிக்கவே இல்லையே, ஏன்? அதிகாரம் பாயுது, இறையாண்மை எந்திரிக்குது, உயிரரசியல் உருண்டு வருது. உலை மட்டும் எங்கயும் கொதிக்கல.

கோவிச்சுக்காதே. உன் தாத்தன் தலையாரியா இருந்து தேஞ்சவன். கலெக்டர் போட்ட உத்தரவு தாசில்தார் வழியா வந்து, கர்ணம் வாயில நொழைஞ்சு, கடைசியில ஒரு ஆளு காலால நடந்துதானே ஊருக்குள்ள வரும்? அந்தக் காலு நான். கவர்மெண்டைப் பத்தி நீ மேல இருந்து வாசிச்சிருக்க, நான் கீழ இருந்து பாத்திருக்கேன். அந்த உரிமையில நாலு வார்த்தை சொல்றேன். புடிச்சா எழுதிக்க, புடிக்கலைன்னா உங்க கைடு பேச்சைக் கேளு. அவருக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியும்.

உன் முதல் அத்தியாயத்துல வர்ற தாமஸ் ஹாப்ஸை எனக்குப் புடிச்சுப்போச்சு. தானும் பயமும் ரெட்டைப் பிள்ளையாப் பொறந்ததாத் தன்னைப் பத்தியே எழுதிக்கிட்ட மனுசன். இப்படி ஒத்துக்கிற ஆளு எங்க கிடைப்பாரு? 1651ல லிவியாதான்னு புத்தகம் போட்டிருக்காரு. கீழத்தெரு வாத்தியார்கிட்ட கேட்டேன், அது வேதத்துல யோபு ஆகமத்துல வர்ற மிருகம்னாரு. எல்லாரும் எல்லாருக்கும் பயந்து சாகுறதுக்குப் பதிலா, இருக்கிற அதிகாரத்தை ஒரே ஆளுகிட்ட ஒப்படைச்சுட்டு அவனுக்கு மட்டும் பயந்தா போதும்ங்கிறாரு. சிக்கனமான யோசனைதான்.

நீ அந்தப் புத்தகத்து முகப்புப் படத்தை ஒட்டியிருக்கியே, அதைப் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தியா? நான் பாத்தேன். மலைக்குப் பின்னால ஒரு பெரிய ராசா நிக்கிறாரு, கையில வாளும் பிஷப்புமாரு புடிக்கிற கோலும். அவரு உடம்பு பூராம் குட்டிக் குட்டி மனுசங்க, அம்புட்டுப் பேரும் அவரு மூஞ்சியையே பாத்துக்கிட்டு. கீழ ஊரு காலியாக் கெடக்கு. கோயிலுக்குப் பக்கத்துல ரொம்பப் பொடுசா ரெண்டு பேரு, நீள மூக்கு முகமூடி போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. கொள்ளைநோய் வைத்தியருங்களாம். அங்கங்க சிப்பாயிங்க. வேற ஒரு ஈ காக்கா இல்ல. ஊரடங்குக்கு நானூறு வருசத்துக்குக் கொஞ்சம் கொறைச்சலா முன்னாடியே ஒருத்தன் படம் வரைஞ்சு வச்சிருக்கான், பாத்துக்க. அதைப் பாத்ததும் எனக்குத் தலையாரி புத்திதான் வேலை செஞ்சுச்சு. ஊருச்சனம் பூராம் ராசா உடம்புல போய் ஒட்டிக்கிட்டா, கிணத்துல தண்ணி எறைக்கிறது யாரு? ராசாவுக்கே ராத்திரிக் கஞ்சி யாரு ஊத்துவா?

ஹாப்ஸு லிவியாதானுக்கு முன்னாடியே துசிடிடீஸுங்கிற கிரேக்க ஆளோட சரித்திரத்தை இங்கிலீஷுல ஆக்குனவராம், 1629ல. அதுல கிறிஸ்துவுக்கு முன்னால 430ல ஏதென்ஸ்ல வந்த கொள்ளைநோய் வருது. வழக்கு முடிஞ்சு தண்டனை வர்ற வரைக்கும் உசுரோட இருப்போமான்னு தெரியாதபோது எவன் சட்டத்துக்குப் பயப்படுவான்னு அந்த ஆளு கேட்டு வச்சிருக்காரு. அதுலதான் நம்ம ஹாப்ஸுக்குக் காய்ச்சல் கண்டிருக்கணும். இது என் அனுமானம், அடிக்குறிப்புல போட்டுறாதே.

சரி, என் காலத்துக் கதை ஒண்ணு. அம்மை குத்துறதுக்கு ஆளு வந்தா கூடப் போறது தலையாரி சோலி. நாங்க ஊருக்குள்ள கால் வச்சதும் தெரு அடங்கிப்போகும். புள்ளைகளைக் குலுக்கைக்குள்ள எறக்கி மூடியைப் போட்டு மேல சொளகைக் கவுத்தி வச்சிருவாளுக. உள்ள இருந்து தும்மல் கேக்கும். "கம்பம்புல்லு தும்முதா ஆத்தா?"ன்னு கேப்பேன். மேலதிகாரிங்க இதை மூடநம்பிக்கைன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. ஆத்தாளுக்குக் கோவம் வரும்னு அவளுகளும் சொல்லத்தான் செஞ்சாளுக. ஒரு களையெடுக்கிற பொம்பளை மட்டும் நெசத்தைச் சொன்னா: "நீங்க குத்திட்டுப் போயிருவீக. ரெண்டு நாளு புள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும். நான் களைக்குப் போக முடியாது. கூலி யாரு தருவா, உங்க சர்க்காரா?" அம்மை குத்துறவரு என் மூஞ்சியைப் பாத்தாரு, நான் அவரு மூஞ்சியைப் பாத்தேன். ரிப்போர்ட்டுல 'மக்கள் அறியாமை'ன்னு எழுதுனாரு. பதில் தெரியாதது ரெண்டு அரசாங்க ஊழியருக்கு, அறியாமை அவளோடது.

இப்ப உன் மூணாம் அத்தியாயம், அந்த மொட்டைத்தலைப் பிரெஞ்சுக்காரரு ஃபூக்கோ. 1975ல எழுதுன புத்தகத்துல பதினேழாம் நூற்றாண்டுக் கொள்ளைநோய் ஊரு ஒண்ணை எப்படி அடைச்சாங்கன்னு, பழைய உத்தரவை வச்சு வரிசையாச் சொல்றாரு. ஊரைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, தெருவுக்கு ஒரு காவலாளி. சின்டிக்காம் அவன் பேரு. குறிச்ச நாளுல அவன் வந்து ஒவ்வொரு வீட்டையும் வெளிய இருந்து பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டுப் போயி மேலதிகாரிகிட்ட குடுத்துருவான். தினமும் சன்னலுக்குக் கீழ நின்னு பேரு சொல்லிக் கூப்பிடுவான். அவங்கவங்க எட்டிப் பாத்து இருக்கேன்னு காட்டணும். எட்டிப் பாக்கலைன்னா, ஒண்ணு சீக்கு, இல்ல சாவு. தன் தெருவை விட்டு அவன் நகந்தா அவனுக்கும் மரண தண்டனை. நீ இதைப் படிச்சுட்டு 'கண்காணிப்பு அரசின் கனவு'ன்னு நடுங்கிக்கிட்டு எழுதியிருக்க. நான் படிச்சுட்டு, அட, இது நம்ம உத்தியோகம்லன்னு சிரிச்சேன். சம்பளம் எவ்வளவுன்னு போடாம விட்டுட்டாரு.

ஆனா அதே பக்கத்துல ஒரு விசயம் இருக்கு. அதை நீ தாண்டிக் குதிச்சு ஓடிட்ட. குடும்பம் குடும்பமா முன்கூட்டியே சாமான் வாங்கி வச்சிருக்கணும்னு ஏற்பாடு. ரொட்டியும் திராட்சை ரசமும் தெருவுல இருந்து வீட்டுக்குள்ள போறதுக்கு மரத்துல சின்னச் சின்ன வாய்க்கா வச்சிருக்காங்க. கறி, மீன், கீரைக்குக் கப்பியும் கூடையும். ஒருத்தரை ஒருத்தர் தொடாம சாப்பாடு மேல ஏறுது! உலகத்துலயே பயங்கரமான அதிகாரத்துக்கு உதாரணமா அந்த மனுசன் காட்டுன ஊரு, கதவை அடைக்குமுன்னாடி கப்பி கட்டியிருக்கு தாயி. அந்த ஊருல நொந்துபோன சீவன் ஒண்ணும் உண்டு. பொணம் தூக்க, அழுக்கள்ள, சீக்காளியைத் தூக்கிட்டுப் போக வச்சிருந்த ஏழை சனம். அவங்களுக்குக் 'காக்கா'ன்னு பேரு. செத்தாலும் பரவாயில்லைன்னு விட்ட ஆளுங்க. 2020 மே 3ஆம் தேதி விமானப்படை ஹெலிகாப்டர் ஆஸ்பத்திரிக மேல பூத்தூவுச்சே, நம்ம ஊரு காக்காய்களுக்குக் கையுறை ஒழுங்கா வந்துச்சான்னு குப்பை அள்ளுறவங்ககிட்ட கேட்டு ஒரு பாரா எழுது. பூவைப் பத்தி ஏற்கெனவே நிறைய எழுதிட்டாங்க.

இப்ப நம்ம கதைக்கு வா. 2020 மார்ச் 24, ராத்திரி எட்டு மணி. பிரதமர் டிவியில வந்தாரு. அன்னைக்கு நடுராத்திரியில இருந்து இருபத்தோரு நாளு நாடே அடைப்புன்னாரு. இடையில இருந்தது நாலு மணி நேரம். நம்ம மாநிலத்துல அன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கே 144 போட்டாச்சு. நம்ம ஊருல மாரியாத்தாளுக்குப் பொங்கல் சாட்டுனா எட்டு நாளு. சாட்டுன பொறவு வெளியூருல ராத் தங்கக் கூடாது, வெளியூரான் இங்க ராத் தங்கக் கூடாது. அதுக்கே கொட்டடிச்சு முன்கூட்டிச் சொல்லிருவோம், போக வேண்டியவன் போயிட்டு வந்துருவான். வரி குடுக்க வழியில்லாதவனுக்கும் ஆத்தா கஞ்சி உண்டு. நூத்துச் சொச்சம் வீட்டை எட்டு நாளு அடைக்க முன்கூட்டியே அவகாசம் குடுத்த கிழவங்களைப் பட்டிக்காட்டான்ங்கிற. நூத்து முப்பது கோடிப் பேரை அடைக்க நாலு மணி நேரம் குடுத்தவங்களுக்கு 'தீர்க்கமான தலைமை'ன்னு ஒரு அத்தியாயம்.

அதுக்காக நம்ம ஊருக் கட்டுப்பாட்டைத் தூக்கி மடியில வச்சுக் கொஞ்சாதே. அந்தக் கஞ்சி மேலத்தெருவுல பந்தி, காலனியில தூக்குவாளி. எட்ட நில்லுன்னு 2020ல சொன்னப்போ உங்களுக்கெல்லாம் புதுசா இருந்துச்சு. அந்தத் தெருக்காரங்களுக்கு அது தாத்தன் காலத்து வசனம். இதையும் எழுது. மேலத்தெருக்காரன் என்னை முறைச்சா முறைச்சுக்கட்டும்.

நாலு மணி நேரத்துல என்ன ஆச்சுன்னு நீயும் பாத்த. பஸ்ஸும் ரயிலும் நின்னுபோச்சு, வேலை நின்னுபோச்சு, கூலி நின்னுபோச்சு. சனம் நடக்க ஆரம்பிச்சுச்சு. மூட்டையும் புள்ளையுமா, நெடுஞ்சாலை நெடுக. நம்ம மாநிலத்துல ரேசன் கார்டுக்கு ஆயிரம் ரூவாயும் விலையில்லா அரிசியும் குடுத்தாங்க, இல்லைங்கல. கார்டு பீகார்ல இருக்கு, வயிறு திருப்பூர்ல இருக்கு, அவன் என்ன பண்ணுவான்? மார்ச் மாசக் கடைசியில பரேலியில, ஊருக்குத் திரும்பி வந்தவங்களை ரோட்டுல உக்காரவச்சு வண்டி கழுவுற மாதிரி மருந்துத் தண்ணி அடிச்சாங்க. மே 8ஆம் தேதி ஔரங்காபாத் பக்கம் தண்டவாளத்துல அசந்து தூங்குன 16 பேரு மேல சரக்கு ரயில் ஏறிருச்சு. தண்டவாளத்துல சப்பாத்தி செதறிக் கெடந்த படம் உனக்கு ஞாபகம் இருக்கும்.

நடந்தவங்களை 'ஊரடங்கு மீறியோர்'ன்னு எழுதியிருக்க பாரு, அங்கதான் எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. உன் ஹாப்ஸோட இருபத்தோராம் அத்தியாயத்தை எடுத்து வாசி. நாடே இருபத்தோரு நாளு சும்மா உக்காந்திருந்தப்பவாவது யாராச்சும் வாசிச்சிருக்கலாம். அம்புட்டு அதிகாரத்தையும் ராசாகிட்ட குடுக்கச் சொன்ன அதே பயந்தாங்கொள்ளி அங்க என்ன சொல்றாரு? சாப்பாடு, காத்து, மருந்து, இதுகள் இல்லாம இருன்னு ராசா உத்தரவு போட்டா, அதை மீற குடிமகனுக்குச் சுதந்திரம் உண்டுங்கிறாரு. உசுரைக் காப்பாத்தத்தானே அவனை ஏத்திவிட்டோம், அதை அவனே எடுத்தா ஒப்பந்தம் என்னத்துக்கு? அப்ப நெடுஞ்சாலையில நடந்தவன் சட்டத்தை மீறல தாயி. உங்க அரசியல் கோட்பாட்டுலயே கறாரான புத்தகத்தை அவன் வரி பிசகாம நடத்திக் காட்டியிருக்கான். படிக்காமலே.

அடுத்தது இத்தாலிக்காரரு அகம்பென். 2020 பிப்ரவரி 26ஆம் தேதி பத்திரிகையில எழுதுனாரு, கொள்ளைநோய்ங்கிறது கட்டிவிட்ட கதை, அரசாங்கம் விதிவிலக்கு நெலையையே நெரந்தரமாக்கச் சாக்குத் தேடுதுன்னு. ரெண்டு வாரம் ஆகல, இத்தாலி பூராம் அடைப்பு. பின்னாலயே பொணம் ஏத்த ராணுவ லாரி வந்துச்சு. அவரு சிநேகிதரு ழான்-லுக் நான்சின்னு ஒரு பிரெஞ்சுத் தத்துவக்காரரு மறுநாளே பதில் எழுதுனாரு. முப்பது வருசத்துக்கு முன்னாடி எனக்கு மாத்து இருதயம் வைக்கணும்னு டாக்டருங்க சொன்னாங்க, அவங்க பேச்சைக் கேக்காதேன்னு சொன்ன சிலபேருல நம்ம அகம்பென்னும் ஒருத்தரு, கேட்டிருந்தா நான் அப்பவே போய்ச் சேந்திருப்பேன்னாரு. இதை வாசிச்சுட்டு நான் சிரிச்ச சிரிப்புல உங்க ஆச்சி முழிச்சுட்டா. தத்துவக்காரன் சொல்றதைக் கேட்டுக்க, மருந்தை மட்டும் டாக்டர்கிட்ட வாங்கு.

ஆனா அகம்பென் பயந்ததுல பாதி நெசம். சட்டத்தை எப்ப ஓரமா வைக்கலாம்னு தீர்மானிக்கிறவன் கையிலதான் அசல் அதிகாரம் இருக்குன்னு 1922லயே ஜெர்மனியில கார்ல் ஷ்மிட் வாதம் பண்ணியிருக்காரு. அவரு பின்னால நாஜிக் கட்சியில போய்ச் சேந்தாரு, அதையும் சொல்லிரு. 2020 மார்ச் 30ல ஹங்கேரி நாடாளுமன்றம் அப்பப் பிரதமரா இருந்த ஓர்பானுக்கு உத்தரவு மூலமாவே ஆள, முடிவு தேதி போடாம அதிகாரம் குடுத்துச்சு. நம்மகிட்ட அது எதுக்கு, வெள்ளைக்காரன் வச்சுட்டுப் போனதே இருந்துச்சு. 1897ஆம் வருசத்துக் கொள்ளைநோய்ச் சட்டம். மொத்தமே நாலு பிரிவு. நாலாவது பிரிவு என்னன்னா, நல்லெண்ணத்தோட செஞ்ச அதிகாரி மேல வழக்குப் போட முடியாது. நோயாளிக்கு இன்னது செய்யணும்னு ஒரு வரி கிடையாது, அதிகாரிக்குக் கேடயம் மட்டும் தயார். அந்த வருசம் புனேயில சிப்பாயிங்க வீடு புகுந்து சோதனை போட்டு, சனம் கொதிச்சு, பிளேக் அதிகாரி ராண்டை ஜூன் 22ஆம் தேதி ராத்திரி, விக்டோரியா ராணியோட வைர விழா அன்னைக்கு, சாபேகர் சகோதரருங்க சுட்டாங்க. நூத்து இருபத்து மூணு வருசம் கழிச்சு அதே சட்டத்தைத் தூசி தட்டி, சுனாமிக்குப் பொறவு வந்த 2005 பேரிடர்ச் சட்டத்தையும் சேத்துக்கிட்டாங்க. அரசியல் சாசனத்துல இருக்கிற அவசரநிலையை யாரும் தொடவே இல்ல. அதைத் தொட்டா நாடாளுமன்றத்துல கேள்வி வரும்ல.

விதிவிலக்கு யாருக்குக் கெடைச்சுதுன்னு ஒரு அட்டவணை போடு. உங்க கைடுக்கு அட்டவணைன்னா உசுரு. மொத வரியில டாஸ்மாக். கோயிலு, பள்ளிக்கூடம் எல்லாம் பூட்டிக் கெடந்தப்போ 2020 மே 7ஆம் தேதி அது தொறந்துச்சு. மறுநாளே சென்னை உயர்நீதிமன்றம் மூடுன்னுச்சு, 15ஆம் தேதி உச்சநீதிமன்றம் அதுக்குத் தடை போட்டுச்சு, 16ஆம் தேதி மறுபடி வரிசை நின்னுச்சு. கஜானாவுக்கு மூச்சுத் திணறுனா ஆக்சிஜன் எம்புட்டு வேகமா வருது பாத்தியா? அடுத்த வரியில இங்கிலாந்து. அங்க பிரதமரோட தலைமை ஆலோசகரு அடைப்பு நேரத்துல பார்னார்டு காசில்ங்கிற ஊருக்குக் காரை ஓட்டிக்கிட்டுப் போனாரு. ஏன்யான்னு கேட்டா, கண்ணு தெரியுதான்னு சோதிச்சுப் பாக்கத்தான்னாரு. நம்மூருல பொய் சொல்றவனுக்கு இம்புட்டுக் கற்பனை கெடையாது.

மூணாவது வரியை மட்டும் நெதானமா எழுது. 2020 ஜூன் 19. அன்னைக்கு லண்டன்ல மந்திரிசபை அறையில பிரதமர் போரிஸ் ஜான்சனுக்குப் பொறந்தநாள் கூட்டம் நடந்துச்சு. அதே நாளு சாயங்காலம் நம்ம சாத்தான்குளத்துல செல்போன் கடையை நேரங்கடந்து தொறந்து வச்சிருந்தாங்கன்னு சொல்லி அப்பனைப் போலீஸ் ஸ்டேசனுக்குக் கொண்டுபோனாங்க. பின்னாலயே மகன் போனான். போரிஸ் ஜான்சனுக்கு 2022 ஏப்ரல்ல 50 பவுண்டு அபராதம். இவங்க ரெண்டு பேரும் 22, 23ஆம் தேதிகள்ல அடுத்தடுத்துச் செத்துப்போனாங்க. சி.பி.ஐ. போலீஸ்காரங்க மேலயே கொலை வழக்குப் போட்டுச்சு. இதுல கிண்டல் பண்ண எனக்கு வாய் வரல. ஊரடங்குன்னு ஒரே பேரு, தேதியும் ஒண்ணு. உத்தரவைத் தூக்கிக்கிட்டு நடந்த காலு நான்னு மொதல்ல பெருமையாச் சொன்னேன்ல, அந்த மாதிரி ஒரு காலுதான் அங்கயும் போயிருக்கு.

ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு நீ முப்பது பக்கம் குடுத்தது சாஸ்தி. அடுத்தவனுக்குக் கேடு வராத வரைக்கும் அவனவன் இஷ்டம்னு 1859ல சொன்னாரு. தும்முனாலே அடுத்தவனுக்குக் கேடுங்கிற காலத்துல அவரு பாவம் என்ன பண்ணுவாரு, விடு. அந்த எடத்துல நியூசிலாந்தைப் போடு. அங்க வெள்ளன அடைச்சாங்க, உசுரு தப்பிச்சுது, உலகமே மெச்சுச்சு. அப்படியும் ஒருத்தரு வழக்குப் போட்டாரு. 2020 ஆகஸ்டுல கோர்ட்டு என்ன சொல்லுச்சு? வீட்டுல இருன்னு சொன்னது தேவையான காரியந்தான், ஆனா மொத ஒம்பது நாளு அப்படிச் சொல்ல உங்களுக்குச் சட்ட அதிகாரம் இல்லாம இருந்துச்சுன்னுச்சு. நல்லது செஞ்ச கவர்மெண்டும் கூண்டுல ஏறிப் பதில் சொல்லுது. சீனாவுல புதுச் சீக்கு வருதுன்னு கூட்டாளிகளுக்குச் சொன்ன டாக்டர் லீ வென்லியாங்கைக் கூப்பிட்டு, வதந்தி பரப்புறன்னு கையெழுத்து வாங்குனாங்க. பொறவு ஊகானை 76 நாளு பூட்டுனாங்க. அந்த டாக்டரு அதே சீக்குல பிப்ரவரி 7ஆம் தேதி போய்ச் சேந்துட்டாரு. வலுவான அரசா, மெலிஞ்ச அரசான்னு நீ நூறு பக்கம் தராசு புடிக்கிற. ரெண்டுலயும் நல்லதும் இருக்கு, கழிசடையும் இருக்கு. கேள்வி கேட்டா பதில் வருதான்னு மட்டும் பாரு.

நம்மகிட்ட கேட்டாங்க. 2020 செப்டம்பர் 14ஆம் தேதி மக்களவையில, ஊரடங்குல ஊருக்குத் திரும்புன புலம்பெயர் தொழிலாளருங்க எத்தனை பேரு செத்தாங்கன்னு கேள்வி. அப்படி ஒரு கணக்கு வைக்கலைன்னு தொழிலாளர் அமைச்சகம் எழுத்து மூலமாப் பதில் குடுத்துச்சு. ஆடு மாடு செத்தா நான் பதிவேட்டுல எழுதியிருக்கேன் தாயி. எழுதலைன்னா தாசில்தார் தோலை உரிச்சிருப்பாரு. அந்தப் பதிலை அப்படியே உன் ஆய்வோட முதல் பக்கத்துல போடு. ஹாப்ஸு, ஃபூக்கோ, அகம்பென் எல்லாரும் ரெண்டாம் பக்கத்துல இருந்து வரட்டும். உங்க கைடு முடியாதுன்னா, என்னைக் கூட்டிட்டுப் போ, நான் பேசிக்கிறேன்.